அந்தரத்தில் தூங்கிய சிறுவன், தூக்க முடியாத பெட்டி: யார் இந்த ராபர்ட் ஹூடின்?

2023 ஜூலை கடைசியில் இணையத்தைக் கலக்கிய ஒரு வீடியோ நினைவிருக்கிறதா? காந்தத்தின் மேல் கறுப்பாக ஒரு சின்னத் துண்டு. அதன் ஒரு பக்கம் எழும்பி அந்தரத்தில் நிற்கும். இன்னொரு ஓரம் மட்டும் காந்தத்தைத் தொட்டபடி இருக்கும். எல்.கே. 99 என்று அதற்குப் பெயர். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் சூப்பர் கண்டக்டரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தென்கொரிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் அறிவித்திருந்தார்கள். இனி மின் இழப்பே இருக்காது, ரயில்கள் எல்லாம் மிதக்கப் போகின்றன என்று ஆளாளுக்குக் கனவு கண்டோம்.

சில வாரங்கள்தான். உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் அந்தப் பொருளைச் செய்து பார்த்தன. அது சூப்பர் கண்டக்டர் இல்லை. உள்ளே கலந்திருந்த தாமிர சல்பைடு என்ற கலப்படம் மின்தடையைக் குழப்பிக் காட்டியிருக்கிறது. பாதி மிதந்ததற்குக் காரணம் சாதாரண காந்தத்தன்மை. கவனித்துப் பார்த்தால் துப்பு அந்த வீடியோவிலேயே இருந்தது. ஒரு ஓரம் கீழே தொட்டுக்கொண்டு இருந்ததே!

கிட்டத்தட்ட இதே காட்சியை 1847இல் பாரீஸ் நகரம் வாய் பிளந்து பார்த்தது. அங்கே மிதந்தது ஒரு சிறுவன். தொட்டுக்கொண்டிருந்தது அவனுடைய ஒரு கை. மிதக்கவைத்தவர் அவனுடைய அப்பா, ழான் யூஜின் ராபர்ட் ஹூடின். நவீன மேஜிக்கின் தந்தை என்று இன்றும் கொண்டாடப்படுபவர்.

வாட்ச் மெக்கானிக் வீட்டுப் பிள்ளை

1805 டிசம்பரில், பிரான்ஸின் லுவார் நதிக்கரையில் இருக்கும் புளுவா என்ற ஊரில் பிறந்தார். அப்போது வெறும் ராபர்ட்தான், ஹூடின் கிடையாது. அப்பா கடிகாரம் செய்பவர். மகனாவது வக்கீல் பக்கம் போகட்டும் என்று ஆசைப்பட்டு ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்த்துவிட்டார். பையனுக்கோ கை முழுக்க ஸ்பிரிங், பல்சக்கரம், திருப்புளி. கடைசியில் குடும்பம் விட்டுக்கொடுத்தது. கடிகாரத் தொழிலுக்கே வந்து சேர்ந்தார்.

அவர் மேஜிக் பக்கம் திரும்பிய கதை ரொம்பப் பிரபலம். கடிகாரம் செய்வது பற்றிய புத்தகம் வாங்கக் கடைக்குப் போனாராம். கடைக்காரர் தவறுதலாக வேறு இரண்டு தொகுதிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் வந்து பிரித்தால் உள்ளே இருந்ததெல்லாம் சீட்டு வித்தை, அறிவியல் விளையாட்டு. திருப்பிக் கொடுக்கவில்லை. ராத்திரி முழுக்கப் படித்தார்.

இந்தக் கதைக்கு ஒரே சாட்சி அவரே எழுதிய சுயசரிதைதான். அதே புத்தகத்தில் தனக்கு வித்தை சொல்லிக்கொடுத்த குருவாக டொரினி என்று ஒருவரை வர்ணிக்கிறார். அப்படி ஒருவர் இருந்ததே சந்தேகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆக, ராபர்ட் ஹூடின் தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் கொஞ்சம் உப்புச் சேர்த்த பண்டமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1830இல் பாரீஸ் கடிகார வியாபாரி ஒருவரின் மகளான செசில் ஹூடினைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் வீட்டுப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் பல வருஷம் பட்டறை வாழ்க்கை. எழுதவும் படம் வரையவும் தெரிந்த ஒரு இயந்திர பொம்மை செய்தார். 1844 கண்காட்சியில் அது எல்லோரையும் ஈர்த்தது. பிறகு அமெரிக்க ஷோமேன் பி.டி. பார்னம் அதை விலைக்கு வாங்கினார். கண்ணாடித் தகட்டில் முள் மட்டும் சுற்றும், பின்னால் இயந்திரமே தெரியாத கடிகாரங்களையும் செய்தார். எதையாவது இயக்குவது, எது இயக்குகிறது என்பதை மறைப்பது: மேடைக்கு வரும் முன்பே அவருடைய முழு வித்தையும் அந்தக் கடிகாரத்தில் இருந்தது.

சொந்தத் தியேட்டரைத் திறக்கும்போது அவருக்கு 39 வயது. 1845 ஜூலை 3, பாரீஸின் பலே ரோயால் பகுதி, சுமார் 200 பேர் உட்காரக்கூடிய சின்ன அரங்கம். அந்தக் காலத்தில் மேஜிக் என்றால் நட்சத்திரம் போட்ட நீள அங்கி, கூம்புத் தொப்பி, தரை வரை துணி தொங்கும் மேஜைகள். துணிக்குள் உதவியாள் ஒளிந்திருப்பான் என்பது பாதிப் பேருக்குத் தெரியும். ராபர்ட் ஹூடின் பணக்கார வீட்டு விருந்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டு சூட்டில் வந்தார். மேஜைகள் ஒல்லியான கால்களோடு துணி இல்லாமல் நின்றன. ஒளித்துவைக்க இடமே இல்லை என்று நம்பவைத்ததுதான் அவர் செய்த முதல் மேஜிக்.

ஈதர் வாசனையும் இரும்புச் சட்டமும்

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஈதர் ஆவியை முகரவைத்து வலி தெரியாமல் அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். சில மாதங்களில் ஐரோப்பா முழுக்க ஈதர் பேச்சுதான். கிட்டத்தட்ட இன்று ஏஐ பற்றிப் பேசுகிற மாதிரி. அதனால் என்னவெல்லாம் முடியும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனாலேயே எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருந்தார்கள்.

ராபர்ட் ஹூடின் அந்த இடைவெளியில் புகுந்தார். ஈதரின் புதிய குணம் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாக மேடையில் அறிவித்தார். அடர்த்தியான ஈதரை முகர்ந்தால் மனித உடல் சிறிது நேரத்துக்கு பலூன் போல லேசாகிவிடுமாம்.

பலகை மேல் மூன்று முக்காலி. நடு முக்காலியில் அவருடைய இளைய மகன் யூஜின் ஏறி நிற்பான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுவான். இருபுறமும் இருக்கும் முக்காலிகளில் ஆளுக்கொரு தடியை நிறுத்தி, அவன் கைகளுக்கு முட்டுக் கொடுப்பார் அப்பா. பிறகு ஒரு குப்பியைப் பையனின் மூக்கருகே காட்டுவார். அரங்கம் முழுக்க ஈதர் நெடி பரவும். பையன் துவண்டு விழுவான். நடு முக்காலியை எடுத்துவிடுவார், பையன் தொங்குவான். ஒரு தடியையும் எடுத்துவிடுவார். கடைசியாகத் தன் சுண்டு விரலால் பையனின் உடம்பைத் தூக்கிப் படுக்கைவாட்டில் நிறுத்துவார். ஒரு கை மட்டும் ஒரு தடியின் நுனியில். மற்றபடி முழு உடம்பும் காற்றில், தூங்கியபடி.

குப்பி காலி. மேடைக்குப் பின்னால் உண்மையான ஈதரை ஆவியாக்கி வாசனையை மட்டும் அனுப்பினார்கள். பையனின் சட்டைக்குள் உடம்போடு கட்டிய உலோகச் சட்டம் இருந்தது. அதன் மூட்டு, உள்ளே எஃகு ஓடிய அந்தத் தடியில் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். மேலே தூக்கும்போது பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்ந்து, எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். கடிகாரக்காரர் மூளை! பையனின் எடை சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து தடிக்கு, தடியிலிருந்து முக்காலிக்கு, அங்கிருந்து தரைக்கு. எடை எங்கேயும் காணாமல் போகவில்லை.

நம்பிய கூட்டம் எப்படிப்பட்டது என்றால், பெற்ற பிள்ளைக்குத் தினமும் மயக்க மருந்து கொடுக்கிறீர்களே என்று திட்டிக் கடிதங்கள் வந்தனவாம். தந்திரம் எவ்வளவு பலித்தது என்பதற்கு இதைவிட நல்ல விமர்சனம் வேண்டுமா?

மெட்ராஸில் ஏற்கெனவே நடந்தது

இந்த வித்தைக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. 1830 வாக்கில் மெட்ராஸில் வயதான ஒருவர் அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். ஆங்கிலேயர்கள் சேஷால் என்று எழுதிவைத்தது அவர் பெயரை. உதவியாளர்கள் முதலில் போர்வையால் மறைப்பார்கள். போர்வை விலகும்போது சம்மணமிட்டு, தரைக்கு மேலே, கண்மூடி அமர்ந்திருப்பார். ஒரு கை மட்டும் மான் தோல் சுற்றிய ஒரு தண்டின் மேல் லேசாகப் படிந்திருக்கும். அந்தத் தண்டு நிமிர்ந்து நிற்கும் மூங்கிலில் பொருந்தியிருக்கும். மூங்கில் ஒரு முக்காலியில் நின்றிருக்கும். இறங்கும்போதும் போர்வை உண்டு.

போர்வை எதற்கு என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மான் தோலுக்குள் இரும்புக் கம்பி. அது அங்கிக்குள் போய், உட்காரும் இருக்கையாக முடியும். 1832இல் லண்டன் வார இதழ் ஒன்று இதைப் படத்தோடு வெளியிட்டது. ஈதர் தூக்கத்துக்கு விதை இந்த மாதிரி இந்தியச் செய்திகள்தான் என்று மேஜிக் வரலாற்றை எழுதியவர்கள் பலர் கருதுகிறார்கள். சேஷாலின் பெயர் மேஜிக் புத்தகங்களின் அடிக்குறிப்பில் நின்றது. ராபர்ட் ஹூடின் பெயரில் தெருவும் மியூசியமும் இருக்கின்றன.

ஐரோப்பியச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருக்கலாம். காவி உடையில் ஒருவர் தரையில் இருப்பார், அவர் பிடித்திருக்கும் தடியைத் தொட்டபடி இன்னொருவர் மேலே மிதப்பார். அதே மெட்ராஸ் டெக்னிக். இருநூறு வருஷமாக அப்டேட்டே தேவைப்படவில்லை!

அப்படினா உண்மையில் மிதக்கவே முடியாதா?

முடியும். ஆனால் சாதாரண காந்தங்களை மட்டும் வைத்து முடியாது. நிலையான காந்தங்களை எப்படி அடுக்கினாலும் இன்னொரு காந்தத்தை ஆட்டம் இல்லாமல் அந்தரத்தில் நிறுத்த இயலாது என்று சாமுவேல் எர்ன்ஷா 1842லேயே கணக்கு போட்டுக் காட்டிவிட்டார். ஏதாவது ஒரு பக்கம் வழுக்கி விழுந்துவிடும்.

அதைத் தாண்ட வழி சூப்பர் கண்டக்டர், தமிழில் மீகடத்தி. 1911இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஹெய்க் காமர்லிங் ஆன்ஸ், பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்தபோது அதன் மின்தடை திடீரென்று பூஜ்யமானது. 1933இல் ஜெர்மனியின் மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும் இன்னொன்றைப் பார்த்தார்கள். மீகடத்தி தனக்குள் காந்தப்புலத்தை இருக்கவிடுவதில்லை. குளிரும்போதே வெளியே தள்ளிவிடுகிறது. அதன் மேற்பரப்பில் தடையே இல்லாமல் ஓடும் மின்னோட்டம் ஓர் எதிர்க்காந்தத்தை உண்டாக்கி, எதிரே இருக்கும் காந்தத்தைத் தள்ளுகிறது.

1987இல் வந்த ஒரு பீங்கான் வகை மீகடத்திக்கு மைனஸ் 180 டிகிரியே போதும். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றினால் வேலை முடிந்தது. யூடியூபில் நீங்கள் பார்க்கும் புகை வரும் கறுப்புத் தட்டு பெரும்பாலும் இதுதான். இதில் காந்தப்புலம் முழுசாக வெளியேறாது. மெல்லிய குழாய்கள் மாதிரி உள்ளே நுழைந்து, பொருளில் இருக்கும் குறைபாடுகளில் மாட்டிக்கொள்ளும். அதனால் துண்டு ஆணியடித்த மாதிரி அதே உயரத்தில் நிற்கும். காந்தத்தோடு சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. எல்.கே. 99 வீடியோவில் இல்லாமல் போனது இந்த உறுதிதான்.

ஜப்பானின் மிதக்கும் ரயிலும் இதுவா என்று கேட்டால், கொஞ்சம் வேறு. அதில் மீகடத்தி, ரயிலில் இருக்கும் பலமான மின்காந்தத்துக்கான கம்பிச்சுருள். ரயில் ஓடும்போது பாதையோரச் சுருள்களில் மின்னோட்டம் தூண்டப்பட்டு அது ரயிலைத் தூக்குகிறது. வேகம் வரும்வரை சக்கரத்தில்தான் ஓட வேண்டும். 2015 ஏப்ரலில் மணிக்கு 603 கி.மீ. தொட்டது இந்த ரகம்தான்.

இன்னொரு விஷயம். மிதக்கும் மீகடத்தியையும் கீழே இருக்கும் காந்தத்தையும் சேர்த்துத் தராசில் வைத்தால், மிதக்கும் துண்டின் எடையும் தராசில் காட்டும். காந்தப்புலம் வழியாக அந்த எடை கீழே இறங்குகிறது. யூஜினின் தடி செய்த அதே வேலை. வித்தியாசம், இங்கே தடிக்குப் பதில் நடுவில் ஒரு காகிதத்தைத் தாராளமாக விட்டு எடுக்கலாம்.

தூக்க முடியாத பெட்டி

ராபர்ட் ஹூடினுக்கு மீகடத்தி தெரியாது. ஆனால் மின்காந்தம் தெரியும். 1820களில் வந்த மின்காந்தத்தை அவருடைய ரசிகர்களில் பெரும்பாலானோர் பார்த்ததுகூட இல்லை. மிதக்கவைப்பதற்கு நேர் எதிராக அதைப் பயன்படுத்தினார்.

கைப்பிடி வைத்த சின்ன மரப்பெட்டி. அடியில் இரும்புத் தகடு. மேடைத் தரைக்குக் கீழே மின்காந்தம். மின்சாரம் இல்லாதபோது குழந்தைகூடத் தூக்கும். உள்ளே ஒருவர் இணைப்பைக் கொடுத்ததும் பயில்வான்கூட அசைக்க முடியாது. பாரீஸில் அது ஒரு ஜாலியான வித்தை. 1856இல் அது ஓர் அரசாங்கத்தின் கருவியானது. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அதற்குள் அவர் லண்டனில் விக்டோரியா மகாராணி முன் நிகழ்ச்சி நடத்தி, பணம் சேர்த்து, புளுவா அருகே குடியேறி ஓய்வு பெற்றிருந்தார். அல்ஜீரியாவை பிரான்ஸ் 1830இலிருந்து பிடித்து ஆண்டுகொண்டிருந்தது. அங்கே மராபுத்கள் என்ற சமயப் பெரியவர்களுக்கு மக்களிடம் பெரிய செல்வாக்கு. கண்ணாடி தின்பது, நெருப்பைத் தொடுவது மாதிரி அற்புதங்களைச் சிலர் காட்டி, பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக மக்களைத் திரட்டுவதாக ராணுவ அதிகாரிகள் நினைத்தார்கள். உங்கள் ஆட்களைவிடப் பெரிய வித்தைக்காரன் எங்களிடம் இருக்கிறான் என்று காட்டத்தான் ஓய்வில் இருந்த மனிதரை அழைத்தார்கள்.

1856 அக்டோபர் இறுதியில் அல்ஜியர்ஸ் நகரத் தியேட்டரில் பழங்குடித் தலைவர்களை உட்காரவைத்தார்கள். கட்டுமஸ்தான ஒருவர் மேடையேறினார். பெட்டியைத் தூக்கினார், வந்தது. ராபர்ட் ஹூடின் அவருடைய பலத்தைப் பறித்துவிட்டதாக அறிவித்தார். மறுபடி தூக்கினால், வரவில்லை. இழுத்தார், முக்கினார், பெட்டியை உடைக்கப் பார்த்தார். அந்த நேரம் கைப்பிடியில் மின்சாரத்தையும் விட்டார்கள். மனிதர் அலறி, மண்டியிட்டு, பிடி விடுபட்டதும் அங்கிருந்து ஓடிவிட்டார். பாரீஸ் நிகழ்ச்சியில் இந்த ஷாக் இல்லை.

அந்த மேடைக்கு வந்தவருக்கு மின்சாரம் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அதே மின்காந்தத்தின் மேல் பாரீஸ் பயில்வான் தோற்றால் கைதட்டு, இங்கே தோற்றால் பயம். நிகழ்ச்சிக்குப் பிறகு இது மந்திரம் இல்லை, கைத்திறமைதான் என்று மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் மக்களுக்கு விளக்கப்பட்டது என்றும் அவரே எழுதுகிறார். உங்கள் ஆட்கள் செய்வதும் தந்திரமே என்று புரியவைப்பதுதான் நோக்கமாம். ஆனால் முதலில் பயமுறுத்திவிட்டு அப்புறம் விளக்குவதற்குப் பெயர் பாடமா, மிரட்டலா?

ஒரு மேஜிக் நிபுணர் தனியாளாகக் கிளர்ச்சியை அடக்கினார் என்று இன்றும் பகிரப்படுகிறது. நாள்காட்டியைப் பார்த்தாலே அது நிற்காது. அடுத்த வருஷமே, 1857இல், கபிலியா மலைப்பகுதியைப் பிடிக்க பிரான்ஸ் பெரும் படையை அனுப்பியது. லல்லா ஃபாத்மா என்சூமர் என்ற பெண்ணின் தலைமையில் மலை மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவரைச் சிறைப்பிடித்தது பீரங்கிகளோடு போன படை. பெட்டி அல்ல.

மின்சார வீடும் கடைசி வருஷங்களும்

ஊர் திரும்பியவர் 1858இல் சுயசரிதையை வெளியிட்டார். வீட்டை ஒரு ஸ்மார்ட் ஹோம் ஆக்கினார். அந்த வார்த்தை வருவதற்கு வெகு காலம் முன்பே! வாசல் கதவு தானாகத் திறக்கும், உள்ளே எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று மணியொலி சொல்லும். வீட்டுக் கடிகாரங்கள் எல்லாம் மின்கம்பியால் ஒரே நேரம் காட்டும். குறித்த நேரத்துக்குக் குதிரைக்குத் தீனி தானாக விழும். கண்ணைப் பரிசோதிக்கும் கருவிகளும் செய்தார். 1868இல் தன் தொழிலின் ரகசியங்களை விளக்கியே தனிப் புத்தகம் எழுதினார்.

1870இல் பிரஷ்யாவோடு போர் மூண்டது. அந்தரத்தில் தூங்கிய அதே யூஜின் இப்போது சூவாவ் படைப்பிரிவில் கேப்டன். அந்தப் படையின் பெயரே அல்ஜீரியாவின் கபிலியா மலையில் வாழும் ஸ்வாவா மக்களிடமிருந்து வந்தது. ஆகஸ்ட் 6, வோர்த் போரில் யூஜின் படுகாயம் அடைந்தான். ஜெர்மன் படைகள் நெருங்கியபோது அப்பா குடும்பத்தை வீட்டருகே ஒரு குகையில் மறைத்துவைத்திருந்தார். மகன் பிழைக்கவில்லை என்ற செய்தி பிறகு வந்தது. ஈதர் கொடுத்துக் கொல்லப் பார்க்கிறாய் என்று ஊர் திட்டியபோது பையன் சட்டைக்குள் பத்திரமாக இரும்புச் சட்டம் இருந்தது. போர்க்களத்தில் அப்படி எதையும் அவரால் கட்டிவிட முடியவில்லை.

அந்த அடியிலிருந்து அவர் எழவில்லை. நிமோனியா வந்து, 1871 ஜூன் 13இல் 65 வயதில் இறந்தார்.

இதற்கப்புறம் அவர் பெயர் தனியாக ஒரு பயணம் போனது. எரிக் வைஸ் என்ற அமெரிக்க இளைஞன் அவருடைய சுயசரிதையைப் படித்து மயங்கி, ஹூடின் பெயரோடு ஓர் இகரத்தைச் சேர்த்து ஹூடினி ஆனான். ஆம், விலங்குகளை உடைத்து வெளியே வரும் அதே ஹூடினி. புகழ் வந்ததும் 1908இல் குருவின் வித்தைகள் பலவும் இரவல் என்று தனிப் புத்தகமே எழுதி வெளுத்துவாங்கினார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, மெட்ராஸ் மான் தோல் ஞாபகம் இருக்கிறதல்லவா? ஆனால் பழைய வித்தைக்கு ஈதர் வாசனையைச் சேர்த்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாரீஸ் தியேட்டரை 1888இல் ஜார்ஜ் மெலியஸ் வாங்கினார். அங்கே மேஜிக் காட்டியபடியே சினிமா எடுக்கக் கற்றுக்கொண்டு, நிலவுக்குப் பயணம் போகும் படத்தை 1902இல் கொடுத்தார். தியேட்டர் பிறகு சாலை விரிவாக்கத்தில் இடிக்கப்பட்டது. புளுவாவில் அரண்மனைக்கு எதிரே ராபர்ட் ஹூடின் பெயரில் ஒரு மேஜிக் மியூசியம் இருக்கிறது. குறிப்பிட்ட நேரங்களில் அதன் ஜன்னல்கள் திறந்து டிராகன் தலைகள் வெளியே நீளும், அசையும், உள்ளே போய்விடும். அவற்றை இயக்கும் இயந்திரம் எதுவும் சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது.